1966 எம்ஜிபி ரோட்ஸ்டர்: நெரிசலிலும் சூடு, மோட்டார்வேயிலும் சூடு. பானட்டில் துளை போடலாமா?

ரோட்ஸ்டர்66 (ஹாரோ, லண்டன்)

எல்லோருக்கும் வணக்கம். போன வருடக் கடைசியில் ஒரு 1966 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கினேன். ஐந்து மெயின் பேரிங் உள்ள 18ஜிபி எஞ்சின். ஓவர்டிரைவ் (வேகத்தில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) கிடையாது. டைனமோ அப்படியே இருக்கிறது, பாசிட்டிவ் எர்த்தும் (பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைவது) மாற்றப்படவில்லை. குளிர்காலம் முழுக்க கேரேஜில் நின்றது. வெயில் வந்து ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் சூட்டுப் பிரச்சினை தெரிகிறது.

ஹேங்கர் லேன் சந்திப்பில் மாட்டிக்கொண்டால் முள் நார்மலைத் தாண்டி விறுவிறுவென ஏறுகிறது. எம்40 மோட்டார்வேயில் அப்படி இல்லை. ஆனால் 70 மைல் வேகத்தில் போனால், ஹை விக்கம் தாண்டி ஸ்டோக்கன்சர்ச் ஏற்றம் வருவதற்குள் மெல்ல மெல்ல ஏறிவிடுகிறது. 60க்குக் குறைத்தால் இறங்குகிறது.

முன்பு வைத்திருந்தவர் எஞ்சினோடு சுற்றும் ஃபேனைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு எலக்ட்ரிக் ஃபேன் போட்டிருக்கிறார். ரேடியேட்டரின் ஃபின்களுக்கு (மெல்லிய தகடுகளுக்கு) நடுவே பிளாஸ்டிக் டை நுழைத்துக் கட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டர் தடிமனான அலுமினிய வகை. ஆயில் கூலர் அதன் இடத்தில் இருக்கிறது. கிரில்லுக்கு முன்னால் ஒரு கம்பியில் இரண்டு பெரிய ஸ்பாட் விளக்குகள். 82 டிகிரி தெர்மோஸ்டாட், 10 பவுண்டு அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி. கூலன்ட்டில் எஞ்சினில் எரிந்த வாயு கலக்கிறதா என்று பார்த்தாயிற்று, ஹெட் கேஸ்கட் நன்றாக இருக்கிறது. கசிவும் இல்லை.

பக்கத்துப் பட்டறையில் பானட்டின் பின்பகுதியில் வரிசையாகத் துளை வெட்டலாம், இல்லையென்றால் கீலில் வாஷர் வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிவிடலாம் என்கிறார்கள். அசல் அலுமினிய பானட் இது. வெட்ட மனம் வரவில்லை. வேறு வழி இருக்கிறதா?

---

ஸ்பிட்ஃபயர்_ரசிகன் (லெஸ்டர்)

என் காரில் 74 டிகிரி தெர்மோஸ்டாட்டும் 13 பவுண்டு மூடியும் போட்ட பிறகு நிம்மதி. மொத்தமாகவே செலவு குறைவு. முதலில் அதைச் செய்து பாருங்கள் நண்பா.

---

காற்றுவழி (பர்மிங்காம்)

ரோட்ஸ்டர்66, பானட்டை வெட்ட வேண்டாம். எம்ஜிபியின் ஆரம்ப வருடங்களில்தான் அலுமினிய பானட் வந்தது, அப்புறம் இரும்புக்கு மாற்றிவிட்டார்கள். நல்ல நிலையில் ஒன்று கிடைப்பது எளிதல்ல.

நான் வேலை பார்த்தது கட்டட ஏர்கண்டிஷன் டக்ட் துறையில். வீட்டில் 71 மாடல் எம்ஜிபி ஜிடி நிற்கிறது. அதனால் ரேடியேட்டரை விட்டுவிட்டுக் காற்றைப் பற்றியே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், லெஸ்டர் நண்பர் சொன்னதைப் பற்றி. தெர்மோஸ்டாட் நிர்ணயிப்பது கீழ் எல்லையை. எஞ்சின் இதற்குக் கீழே குளிராமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. மூடி நிர்ணயிப்பது மேல் எல்லையை. கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் 7 பவுண்டு அழுத்தத்தில் சுமார் 111 டிகிரியிலும், 10 பவுண்டில் சுமார் 115 டிகிரியிலும் கொதிக்கும். இரண்டுமே காருக்குள்ளிருந்து ஒரு துளி வெப்பத்தைக்கூட வெளியே தள்ளாது. முள் 82-இல் நிற்காமல் அதற்கு மேலே ஏறிக்கொண்டே போகிறதென்றால் தெர்மோஸ்டாட் ஏற்கெனவே முழுசாகத் திறந்துவிட்டது. 74 போட்டால் சூடு ஏறச் சற்று நேரமாகும், ஆனால் அதே இடத்தில்தான் போய் நிற்கும்.

உங்கள் கேள்வியிலேயே விடை பாதி இருக்கிறது. நெரிசலில் சூடாவதும் மோட்டார்வேயில் சூடாவதும் ஒரே நோய் அல்ல. வண்டி நிற்கும்போது காற்றை இழுப்பது ஃபேன் மட்டும்தான். 40 மைலுக்கு மேல் போனால் ஃபேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், வண்டியின் வேகமே காற்றைத் தள்ளுகிறது. அதனால் நெரிசல் சூட்டுக்கு ஃபேனையும் ஷ்ரௌடையும் (ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரோடு சேரும் தகட்டு மறைப்பு) பார்க்க வேண்டும். வேகச் சூட்டுக்கு காற்று நுழையும் வழி, வெளியேறும் வழி, தண்ணீர் ஓட்டம், டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் இருக்கிறது.

நெரிசலை முதலில் எடுத்துக்கொள்வோம். உங்கள் காரில் இருக்கும் லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும், அதுவும் நல்ல ஆர்பிஎம்மில். ஐட்லிங்கில் கிட்டத்தட்ட ஒன்றும் தராது, இக்னிஷன் விளக்கு மினுமினுப்பதே அதற்குச் சாட்சி. அந்த நேரத்தில் எலக்ட்ரிக் ஃபேன் எட்டு, பத்து ஆம்பியரை எங்கிருந்து எடுக்கும்? சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளிலிருந்துதான். நிற்க நிற்க வோல்ட் குறையும். வோல்ட் குறைந்தால் ஃபேன் வேகம் குறையும், காற்றும் குறையும். எந்த நேரத்தில் காற்று அதிகம் வேண்டுமோ அந்த நேரத்தில் ஃபேன் சோர்ந்துபோகிறது. தொழிற்சாலையிலேயே எலக்ட்ரிக் ஃபேனோடு வந்த எம்ஜிபிகள் எல்லாமே ஆல்டர்னேட்டர் உள்ளவை. வி8 மாடலிலும், 77க்குப் பிந்திய நாலு சிலிண்டர் வண்டிகளிலும் ரேடியேட்டரையே முன்னால் தள்ளி, ஃபேனுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

இன்னொன்று. பாசிட்டிவ் எர்த் வண்டியில், ஃபேனோடு வந்த சிவப்பு வயரை வழக்கம்போல் சுவிட்சுக்கும் கறுப்பு வயரை பாடிக்கும் கொடுத்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். இதில் உள்ளவை நிரந்தரக் காந்த மோட்டார்கள், துருவம் மாறினால் திசை மாறும். சத்தம் வழக்கம்போலத்தான் வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. இதைச் சோதிக்க வீட்டிலேயே கருவி இருக்கிறது: ஊதுபத்தி. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஃபேனை மட்டும் ஓடவிட்டு, கிரில்லுக்கு முன்னால் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே போகிறதா, முகத்துக்கு வருகிறதா பாருங்கள். அப்படியே ரேடியேட்டரின் மேல்விளிம்பு, இரண்டு பக்கம், அடிப்பகுதி, ஆயில் கூலர் ஹோஸ் நுழையும் துளை என்று சுற்றிக் காட்டுங்கள். பல வண்டிகளில் ஃபேன் தள்ளிய காற்று ரேடியேட்டருக்குள் போய்ச் சூடாகி, ஓரத்து இடுக்கு வழியாகத் திரும்பவும் முன்னால் வந்துவிடும். அதே சூடான காற்றையே மறுபடி மறுபடி சுற்றவைத்துக்கொண்டிருப்போம்.

அதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். காற்று சோம்பேறி. ரேடியேட்டரின் ஃபின்களுக்குள் நுழைவது அதற்குக் கஷ்டமான வழி. விரல் நுழையும் ஓர் இடுக்கு பக்கத்தில் இருந்தால் அந்த வழியாகத்தான் போகும். அபிங்டனில் இந்தக் காரைச் செய்தவர்கள் இதைத் தெரிந்துதான் ரேடியேட்டரை ஒரு தகட்டுச் சுவரில் பொருத்தி, சுற்றி ஸ்பாஞ்சும் ரப்பரும் வைத்து அடைத்தார்கள். 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிகள் செய்யப்பட்டன. அதில் பெரும்பகுதி போனது அமெரிக்காவுக்கு. ஆஸ்திரேலியாவிலும் பொருத்தி விற்றார்கள். அந்த வெயிலைத் தாங்கிய ஏற்பாடு லண்டன் வெயிலில் தோற்றால், அதில் ஏதோ தொலைந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் தொலைந்திருப்பது அந்த ஸ்பாஞ்சு. அறுபது வருடத்தில் பொடிந்து உதிர்ந்திருக்கும், ரேடியேட்டரை மாற்றியவர் திரும்ப ஒட்டியிருக்க மாட்டார். மூடிய துளை உள்ள நைட்ரைல் ஃபோம் பட்டை வாங்குங்கள். தண்ணீரை உறிஞ்சும் சாதா ஸ்பாஞ்சு வேண்டாம், அதை வைத்தால் தகடு துருப்பிடிக்கும். பானட் மூடும்போது லேசாக அமுங்கும் உயரத்துக்கு மேலே ஒட்டுங்கள். பக்கங்களையும் அடையுங்கள். ஆயில் கூலர் ஹோஸ் துளைகளில் ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள்.

இப்போது மோட்டார்வே. 70 மைலில், அதாவது நொடிக்கு 31 மீட்டர் வேகத்தில், எதிர்க்காற்றின் அழுத்தம் சுமார் 590 பாஸ்கல். தண்ணீர்க் கணக்கில் 60 மில்லிமீட்டர். 40 மைலில் அது 20 மில்லிமீட்டர்தான். கேட்க அற்பமாக இருக்கிறது, இல்லையா? காற்றை ரேடியேட்டருக்குள் தள்ள நம்மிடம் இருக்கும் மொத்த முதலீடு இவ்வளவே. இதில் ஒரு பங்கை ஸ்பாட் விளக்கு தின்கிறது. ஒரு பங்கை ஃபேனின் வளையமும் மோட்டாரும் தின்கின்றன. மீதி இடுக்குகளில் போகிறது. தடிமனான ரேடியேட்டர் என்றால் உள்ளே நுழையவே கூடுதல் அழுத்தம் வேண்டும். பின்வரிசைக் குழாய்களுக்கு வந்து சேரும் காற்று ஏற்கெனவே சூடானது. அதனால் பெரிய ரேடியேட்டர் வாங்குவதை நான் கடைசி வேலையாகத்தான் வைப்பேன்.

ஓவர்டிரைவ் இல்லாத எம்ஜிபி நாலாவது கியரில் 1000 ஆர்பிஎம்முக்கு 18 மைல் போகும். 70 மைல் என்றால் 3900 ஆர்பிஎம். ஏற்றத்தில் அதே வேகத்தைப் பிடித்தால் எஞ்சின் உண்மையிலேயே கடுமையாக உழைக்கிறது. 60இல் முள் இறங்குவதில் ஆச்சரியமில்லை.

பானட்டின் பின்பக்கத்தைத் தூக்குவது பற்றி. எம்ஜிபியில் ஹீட்டருக்குக் காற்று எடுக்கும் கிரில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பானட்டுக்கும் வின்ட்ஸ்கிரீனுக்கும் நடுவில். ஏன் அங்கே வைத்தார்கள்? வண்டி ஓடும்போது வின்ட்ஸ்கிரீனில் மோதும் காற்று அந்த இடத்தில் குவிந்து அழுத்தம் கூடுகிறது, அந்த அழுத்தமே காற்றை உள்ளே தள்ளும். அதே இடத்தில் பானட்டைத் திறந்துவைத்தால் எஞ்சின் அறைக்குள்ளும் காற்று புகும். ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தம் ஏறும். முன்னாலிருந்து காற்று வர மறுக்கும். நிற்கும்போது அந்த வழியாகச் சூடு மேலே வெளியேறும் என்பது உண்மை, அதனால்தான் பலரும் அதை நம்புகிறார்கள். ஓடும்போது நஷ்டம். சூடான காற்று வெளியேற வேண்டிய இடம் வண்டியின் அடிப்பக்கம். அங்கே அழுத்தத்தைக் குறைக்க முன் வாலன்ஸுக்கு (பம்பருக்கு அடியில் உள்ள தகடு) கீழே ஒரு சிறு லிப், அதாவது விளிம்புப் பட்டை போதும், திருகாணியில் மாட்டலாம், எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம்.

நம்பிக்கை வராவிட்டால் அளந்தே பார்த்துவிடலாம். மீன்தொட்டிக்குப் போடும் பிளாஸ்டிக் குழாய் இரண்டு நீளம் வாங்குங்கள். ஒன்றின் முனையை ரேடியேட்டருக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும், நேர்க்காற்று படாமல் கட்டுங்கள். மறுமுனைகளைக் காருக்குள் கொண்டுவந்து, வண்ணத் தண்ணீர் ஊற்றிய யு வடிவக் குழாயில் இணையுங்கள். பக்கத்தில் உட்காருபவர் அளவைப் படிக்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள். ஃபோம் ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் என் ஜிடியில் நான் இப்படித்தான் பார்த்தேன். வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

நான் செய்வதென்றால்: ஸ்பாட் விளக்கைக் கழற்றுவேன். எலக்ட்ரிக் ஃபேனைக் கழற்றி, எஞ்சினோடு சுற்றும் ஃபேனைத் திரும்பப் போடுவேன். 66இன் மூன்று இதழ் ஃபேனைவிட, பின்னால் வந்த ஆறு இதழ் அல்லது ஏழு இதழ் பிளாஸ்டிக் ஃபேன் நல்லது. சுற்றிலும் ஷ்ரௌட். பிறகு ஃபோம். அவ்வளவும் செய்துவிட்டு அப்புறம் ரேடியேட்டரைப் பற்றி யோசிக்கலாம்.

---

பட்டறை_மதுரை

தம்பி, நான் எம்ஜிபி ஒன்றுகூடப் பிரித்ததில்லை. ஆனால் அம்பாசிடர் எஞ்சினில் கைவைத்து வளர்ந்தவன். அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் உங்கள் 1798 சிசி எஞ்சினும் பிஎம்சி பி சீரிஸ், ஒரே குடும்பம். அதனால் இரண்டு வார்த்தை.

பர்மிங்காம் சார் காற்றைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. தண்ணீர்ப் பக்கத்தையும் பாருங்கள். இந்த எஞ்சினில் வாட்டர் பம்ப் முன்னால் இருக்கிறது. நாலாவது சிலிண்டர்தான் பம்பிலிருந்து ரொம்பத் தூரம். துரு, சுண்ணாம்பு, வார்ப்பு மணல் எல்லாம் போய்ப் படிவது அந்தப் பின்மூலையில். நீங்கள் ரேடியேட்டரை எத்தனை தடவை ஃப்ளஷ் செய்தாலும் அது அசையாது. எஞ்சின் பிளாக்கில் தண்ணீர் இறக்கும் குழாய் ஒன்று இருக்கும், அதைக் கழற்றுங்கள். கழற்றினதும் தண்ணீர் வராமல் சும்மா இருந்தால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கம்பி விட்டுக் குத்துங்கள், கறுப்புச் சேறு வரும். தெளிந்த தண்ணீர் வரும்வரை ஹோஸ் பைப்பால் அடியுங்கள். எங்கள் ஊரில் போர்வெல் தண்ணீர் ஊற்றியே ஓட்டிய டாக்சிகளில் பிளாக் பாதி அடைபட்டு நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் புது ரேடியேட்டர் போட்டு என்ன பயன்?

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லி யாராவது வருவார்கள். இங்கே நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டினார்கள். செய்யாதீர்கள். எஞ்சின் சூடேறாமல் ஓடினால் ஆயிலில் ஈரம் தங்கும், சிலிண்டர் தேயும்.

அடுத்தது டைமிங். லேட்டாகத் தீ வைத்தால் எரிவது பிஸ்டன் இறங்கும்போதும் தொடரும். அந்தச் சூடு பிஸ்டனைத் தள்ளாமல் எக்ஸாஸ்ட் போர்ட்டின் சுவருக்குள் போகும், அங்கிருந்து தண்ணீருக்கு. வண்டி இழுவை குறைந்து சூடும் ஏறும். ஏற்றத்தில் சூடாகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் ஸ்பார்க் அடிக்க வேண்டும் என்று உங்கள் எஞ்சினின் கையேட்டில் பார்த்து வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயில் வாயை வைத்து உறிஞ்சிப் பாருங்கள், உள்ளே தட்டு நகர வேண்டும். எஸ்யு கார்புரேட்டரில் பெட்ரோல் குறைந்து மிக்சர் வறண்டிருந்தாலும் சூடாகும்.

கூலன்ட்டில் தண்ணீரும் உறையாமல் தடுக்கும் திரவமும் பாதிக்குப் பாதி வேண்டுமா என்றும் யோசியுங்கள். வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீருக்கு ஈடில்லை.

---

காற்றுவழி (பர்மிங்காம்)

மதுரை ஐயாவுக்கு நன்றி. கூலன்ட் விஷயத்தில் ஒரு சேர்க்கை: லண்டனுக்கு மூன்றில் ஒரு பங்கு கிளைகால் (அந்த உறையாமல் தடுக்கும் திரவம்) போதும், மைனஸ் 17 டிகிரி வரை உறையாது. பாதிக்குப் பாதி தேவையில்லை. 18ஜிபிக்கு ஸ்டாட்டிக் டைமிங் (எஞ்சினை நிறுத்தி வைப்பது) 10 டிகிரி, ஓடும்போது ஸ்ட்ரோப் விளக்கு வைத்துப் பார்த்தால் 600 ஆர்பிஎம்மில் 14.

---

ரோட்ஸ்டர்66 (ஹாரோ, லண்டன்)

இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. சொன்னதை வரிசையாகச் செய்தேன்.

ஊதுபத்திச் சோதனையில் ஃபேன் சரியான திசையில்தான் சுற்றியது, வயரிங் செய்தவர் பாசிட்டிவ் எர்த்தைக் கவனித்திருக்கிறார். ஆனால் ரேடியேட்டரின் மேல்விளிம்பிலும் வலது பக்கத்திலும் புகை உள்ளிருந்து முன்னால் வந்தது. காற்றுவழி அண்ணா சொன்ன அதே சுழற்சி. ஸ்பாஞ்சின் தடயமாகப் பழைய பசைதான் மிச்சம். ஐட்லிங்கில் ஃபேன் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தேன், 12க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனது.

ஃபோம் ஒட்டினேன். ஸ்பாட் விளக்கைக் கழற்றினேன். இந்த இரண்டோடு மட்டும் எம்40 போனேன், மற்ற எதையும் தொடாமல், எது வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. முள் ஏறுவது நன்றாகவே மந்தமானது, ஆனால் ஏற்றத்தில் இன்னும் நார்மலைத் தாண்டியது.

பிறகு டைமிங் பார்த்தேன். ஸ்டாட்டிக் 4 டிகிரியில் நின்றது. 10க்கு வைத்ததும் வண்டியின் இழுவையே மாறிவிட்டது. இப்போது ஸ்டோக்கன்சர்ச் ஏற்றத்தில் 70இல் போனாலும் முள் நார்மலிலேயே இருக்கிறது. மதுரை ஐயா, மனசார நன்றி. பிளாக் குழாயில் கம்பி விட்டுக் குத்திய பிறகுதான் தண்ணீர் வந்தது, காபி நிறத்தில். இன்னும் ஒரு தடவை கழுவ வேண்டும்.

நெரிசல் பிரச்சினை குறைந்திருக்கிறது, தீரவில்லை. ஏழு இதழ் பிளாஸ்டிக் ஃபேன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். தடிமனான அலுமினிய ரேடியேட்டரோடு அதற்கு இடம் போதவில்லை, கோருக்கு (ரேடியேட்டரின் குழாயும் ஃபின்னும் உள்ள நடுப்பகுதி) மிக நெருக்கமாக வருகிறது. பழைய பித்தளை ரேடியேட்டர் ஒன்று காரோடு கிடைத்தது, அதை ரீகோர் செய்ய, அதாவது புது கோர் போடக் கொடுக்கட்டுமா? ஷ்ரௌடை எப்படிச் செய்வது?

---

காற்றுவழி (பர்மிங்காம்)

ரீகோர் செய்யுங்கள், அசல் தடிமனிலேயே. ஃபின் நெருக்கத்தை அதிகமாக்கச் சொல்லாதீர்கள். பெயின்ட் அடித்தால் மெல்லிய கறுப்பு ஒரு கோட் போதும், தடித்த பெயின்ட் ஃபின்னுக்குப் போர்வை.

ஷ்ரௌடுக்கு 1.2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு எடுங்கள். கோரின் முழு அகலத்தையும் மூடி, ஃபேன் இருக்கும் இடத்தில் வட்டமாகத் திறக்க வேண்டும். ஃபேன் இதழின் அகலத்தில் பாதி வளையத்துக்குள்ளும் பாதி வெளியேயும் இருப்பது நல்லது. இதழ் நுனிக்கும் வளையத்துக்கும் இடைவெளி குறையக் குறையக் காற்று கூடும், ஆனால் எஞ்சின் ரப்பரில் ஆடுகிறது, ஷ்ரௌட் பாடியோடு நிற்கிறது. அதனால் சுற்றிலும் 15 மில்லிமீட்டராவது விடுங்கள். வேகத்தில் போகும்போது ஷ்ரௌடே காற்றை மறிக்காமல் இருக்க, மூலைகளில் ரப்பர் மடல் வைத்த துளைகள் இரண்டு போடுங்கள். நிற்கும்போது ஃபேனின் இழுப்பில் மடல் மூடிக்கொள்ளும், ஓடும்போது காற்று தள்ளித் திறக்கும்.

ஃபேனை மாட்டுவதற்கு முன்னால் எஞ்சின் மவுண்ட் ரப்பர்களை மாற்றிவிடுங்கள். தளர்ந்த மவுண்டோடு சட்டென்று பிரேக் அடித்தால் எஞ்சின் முன்னால் நகரும், புது கோரில் இதழ் போய் உரசும். ஃபேன் பெல்ட்டையும் புதிதாகப் போடுங்கள், டைனமோ, வாட்டர் பம்ப், ஃபேன் மூன்றுக்கும் அது ஒன்றுதான்.